நல்லா ஓடுற வண்டியை ஏன் அறுத்தார்கள்?

2009-ல் ஆபீஸ் வேலையாக ஒரு வருடம் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் இருந்தேன். பக்கத்து க்யூபிக்கிளில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர். டேட்டாபேஸ் ஆள். வாயைத் திறந்தால் வண்டிப் பேச்சுதான். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால், கராஜில் 1988 மாடல் டொயோட்டா பிக்கப் ஒன்று முன்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. இவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கேஸ் டார்ச்சால் அதன் சேஸியில் இருந்த பிராக்கெட்டுகளை அறுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மூலையில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று, இரண்டு முனையிலும் பூசணிக்காய் அளவுக்கு உருண்டையோடு கிடந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டிலிருந்து வாங்கி வந்த 1982 மாடல் முன் ஆக்சில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதை நானே பார்த்திருக்கிறேன். அதிலிருந்த புதிய தொழில்நுட்பத்தை அறுத்துப் போட்டுவிட்டு ஆறு வருடம் பழைய இரும்பை எதற்கு மாட்டவேண்டும்? சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதைப் பார்த்தால் புது வெர்ஷனைத் தூக்கிவிட்டுப் பழையதற்கு ரோல்பேக் பண்ணுவது மாதிரிதான் தெரியும். ரோல்பேக் செய்தால் காரணம் எழுதவேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அந்தக் காரணத்தைத் தேடித்தான் இந்த விஷயத்துக்குள் நுழைந்தேன். இதுவரை வெளியே வர முடியவில்லை.

ஆஃப்ரோடு ஆட்கள் இதை 'சாலிட் ஆக்சில் ஸ்வாப்' என்கிறார்கள், சுருக்கமாக எஸ்.ஏ.எஸ். தனித்தனியாக ஆடும் முன்சக்கர அமைப்பை, அதாவது ஐ.எஃப்.எஸ்ஸை எடுத்துவிட்டு, இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே அச்சில் கோர்ப்பது. ஒரே அச்சு என்றால் நமக்கு விளக்கவே வேண்டாம், மாட்டு வண்டி பார்த்திருக்கிறோம். பட்டைகளின் மேல் உட்கார வைத்தால் வில் வண்டி. ஜீப்பின் முன்பக்கமும் அடிப்படையில் அந்த வில் வண்டிதான். கூடுதலாக இரண்டு வேலைகள்: அச்சுக்குள்ளேயே இஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகவேண்டும், அதே சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் சிரமம். திரும்பிய நிலையிலும் சீரான வேகத்தில் சுற்றும் இணைப்பு ஒன்று வேண்டும். 1920-களில் ஆல்ஃபிரட் ரெஸப்பா என்ற பொறியாளர் ஆறு எஃகு உருண்டைகளை வைத்து அப்படி ஒரு ஜாயின்ட்டை வடிவமைத்தார். இரண்டாம் உலகப்போர் ஜீப்பான வில்லிஸ் எம்.பி.யின் முன் அச்சில், யார் சப்ளை செய்தார்கள் என்பதைப் பொறுத்து, ரெஸப்பா, பெண்டிக்ஸ், ட்ராக்டா என்று வெவ்வேறு விதமான ஜாயின்ட்டுகள் வந்தன. பிற்பாடு டொயோட்டா தன் முன் அச்சில் பயன்படுத்தியது ரெஸப்பா வகை. அதை ஆஃப்ரோடு ஆட்கள் 'பர்ஃபீல்ட்' என்பார்கள். பர்ஃபீல்ட் என்பது அந்த ஜாயின்ட்டைத் தயாரித்த பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, கம்பெனி பெயரே பொருளின் பெயராகிவிட்டது. கராஜ் மூலையில் நான் பார்த்த பூசணிக்காய்க்குள் இருந்தது இந்த உருண்டைகள்தான்.

முன் அச்சை மாற்றுவது அமெரிக்காவில் ஒன்றும் புதுசு இல்லை. ஃபோர்டு லாரிகள் பின்சக்கர டிரைவோடு மட்டும் வந்த காலத்தில், 1935 முதலே இண்டியானாபொலிஸின் மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி அவற்றுக்கு டிரைவ் உள்ள முன் அச்சு மாட்டி ஃபோர் வீல் டிரைவ் ஆக்கிக் கொடுத்தது. போருக்குப் பிறகு மினியாபொலிஸில் நாப்கோ அதே வேலையை ஒரு கிட்டாகவே விற்றது. 1957-ல் ஷெவர்லே அந்த கிட்டைத் தொழிற்சாலையிலேயே மாட்டித் தர ஆரம்பித்தது. ஆக, நண்பர் டார்ச்சைப் பிடித்தது ஒரு பழைய மரபின் தொடர்ச்சியாகத்தான். என்ன, திசை மட்டும் தலைகீழ். அவர்கள் இல்லாததை மாட்டினார்கள், இவர் இருந்ததைக் கழற்றினார்.

சரி, ஒரே அச்சு அவ்வளவு நல்லதென்றால் கம்பெனிகள் ஏன் அதை விட்டன? இதற்கு 1930-களுக்குப் போகவேண்டும்.

அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் ஒரே அச்சுதான். ரோடு மேம்பட்டு வேகம் கூடியபோது ஒரு வியாதி வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இடதும் வலதுமாக வெறி பிடித்ததுபோல் உதறும். ஷிம்மி என்று பெயர். காரணம் பம்பரத்தில் இருக்கிறது. சுற்றும் பம்பரத்தைப் பக்கவாட்டில் தட்டிப்பாருங்கள். தட்டிய பக்கம் அப்படியே சாயாது, வேறு பக்கமாக நகரும். வேகமாகச் சுற்றும் சக்கரமும் பம்பரம்தான். ஒரே அச்சில் இருக்கும்போது ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது, கூடவே இரண்டு சக்கரமும் சாய்கின்றன. சாய்த்த பம்பரம் திரும்பப் பார்க்கும், அதாவது ஸ்டியரிங்கைத் தானே இழுக்கும். இழுத்த சக்கரம் மறுபடி அச்சைச் சாய்க்கும். இந்த ஆட்டம் ஸ்பிரிங்கின் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்கு வந்தவர் மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். முன் ஸ்பிரிங்கை மிருதுவாக்கினால் பயணம் எவ்வளவு சொகுசாகிறது என்பதைச் சோதனை வண்டிகளில் அவர் கண்டார். ஆனால் மிருதுவாக்க மிருதுவாக்க ஒற்றை அச்சு உதறியது. சொகுசும் வேண்டும், உதறவும் கூடாது என்றால் வழி ஒன்றுதான்: இரண்டு சக்கரத்துக்கும் உறவை வெட்டு. மேலும் கீழும் இரண்டு கைகளால் சக்கரத்தைப் பிடித்து, அது சாயாமல் நேராக ஏறி இறங்கும்படி செய். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் தனித்தனி முன் சஸ்பென்ஷனோடு வந்தன. அடுத்த சில வருடங்களில் அமெரிக்கக் கார்களில் ஒரே அச்சு அருகிப் போயிற்று.

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டும் இந்த மாற்றத்துக்கு ஐம்பது வருடம் பிடிகொடுக்கவில்லை. தனித்தனியாக ஆடும் சக்கரத்துக்கு டிரைவும் கொடுக்கவேண்டும் என்றால் பக்கத்துக்கு இரண்டு ஜாயின்ட், சேஸியில் தனியாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் என்று செலவு கூடும். 1963-ல் ஜீப் வேகனியரில் ஆப்ஷனாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓரிரு வருடத்தில் கைவிட்டார்கள். ஜீப் என்பது அப்போது பண்ணைக்காரரும் வேட்டைக்காரரும் ஓட்டும் வண்டி. அதில் சொகுசு யார் கேட்டார்கள்?

கேட்பவர்கள் 1980 வாக்கில் வந்தார்கள். பிக்கப்பும் ஃபோர் வீல் டிரைவும் குடும்ப வண்டியாகின. தினமும் ஆபீஸ், வார இறுதியில் ஏரிக்கரை. ஃபோர்டு 1980-ல் ஒரு சமரசம் செய்தது: முன் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் தனித்தனியாக ஆடவிட்டது. ஷெவர்லேயின் சிறிய பிக்கப் 1983-ல் முழு ஐ.எஃப்.எஸ்ஸோடு வந்தது, பெரிய பிக்கப் 1988-ல். நடுவில், 1986 மாடல் வருடத்தில், டொயோட்டா.

டொயோட்டாதான் நம் கதையின் மையம். அமெரிக்காவில் அதன் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் 1979 முதல் 1985 வரை முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் சாலிட் ஆக்சிலுமாக வந்தது. சின்ன வண்டி, சாகாத நாலு சிலிண்டர் இஞ்சின். 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகன் ஏங்குவானே ஒரு கறுப்பு பிக்கப், அது 1985 மாடல், சாலிட் ஆக்சிலின் கடைசி வருடம். எரிபொருளைப் பீய்ச்சும் புது இஞ்சினும் பழைய ஆக்சிலும் சேர்ந்து இருந்ததால் அந்த வருடத்து வண்டிக்கு இன்றும் தனி மவுசு. படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

1986-ல் அதன் இடத்தில் டார்ஷன் பார் வைத்த ஐ.எஃப்.எஸ் வந்தது. டார்ஷன் பார் என்றால் முறுக்கப்படும் எஃகுத் தண்டு. ஈரத்துணியை முறுக்கினால் திமிறுமே, அந்தத் திமிறல்தான் இங்கே ஸ்பிரிங். ரோட்டில் ஓட்டியவர்களுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது. வண்டி மெத்தென்று போனது, வேகத்தில் நிதானமாக நின்றது. நூறில் தொண்ணூறு பேருக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மீதிப் பேர் யார் என்று பார்க்க ரூபிகான் பாதைக்குப் போகவேண்டும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், டாஹோ ஏரிக்கு மேற்கே, கிட்டத்தட்ட 22 மைல் நீளம். 1953-லிருந்து ஜீப்புகள் கூட்டமாகப் போய்வரும் 'ஜீப்பர்ஸ் ஜாம்போரீ' அங்கேதான் நடக்கிறது. பாதை என்று பெயர்தானே ஒழிய, பல இடங்களில் அது கருங்கல் குவியல். நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, ஒவ்வொரு சக்கரமாக எங்கே வைப்பது என்று யோசித்து ஏறவேண்டும்.

அங்கே ஒரே அச்சின் குணமே வேறு. இடது சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது, தராசுத் தண்டு மாதிரி, அதே அச்சு வலது சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. நாலு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தனித்தனி சஸ்பென்ஷனில் இந்த உதவி கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தன் கையின் நீளத்துக்கு ஏறி இறங்கலாம், அதுவும் டிரைவ் ஜாயின்ட் தாங்கும் கோணம் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் சக்கரம் காற்றில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல், தொங்கும் சக்கரத்தைச் சும்மா சுழற்றிவிட்டு மற்றதைக் கைவிட்டுவிடும்.

தரை இடைவெளி விஷயம் இன்னும் சுவாரசியம். நிற்கும்போது அளந்தால் ஐ.எஃப்.எஸ்தான் உயரம், ஏனென்றால் டிஃபரன்ஷியல் சேஸியோடு மேலே ஒட்டியிருக்கிறது. ஆனால் ஸ்பிரிங் அமுங்கும்போது சேஸி இறங்குகிறது, டிஃபரன்ஷியலும் கூடவே இறங்குகிறது. கல்லின் மேல் பொத்தென்று இறங்கும் அந்த நொடியில்தான் உயரம் தேவை, அப்போது பார்த்துக் குறைகிறது. சாலிட் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் என்ன ஆனாலும் அதற்கும் தரைக்கும் உள்ள தூரம் மாறாது. டிரைவருக்கு ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்.

வலு அடுத்தது. டொயோட்டாவின் பழைய முன் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் 8 அங்குலம், ஐ.எஃப்.எஸ்ஸில் 7.5 அங்குலம். அரை அங்குலம்தானே என்று தோன்றும். பெரிய டயரைப் போட்டுக் கல்லில் முறுக்கும்போது அந்த அரை அங்குலம் பேசும். தவிர, பழைய ஆக்சிலில் டிஃபரன்ஷியல் மொத்தமும் ஒரே கட்டாகக் கழன்று வரும், நாலு சிலிண்டர் வண்டியின் பின் அச்சில் இருப்பதோடு மாற்றிப் போடலாம். மாட்யூலாரிட்டி என்று நாங்கள் ஆபீஸில் ஸ்லைடு போட்டுப் பேசுவதை ஜப்பான்காரன் 1979-லேயே போல்ட் போட்டு முடித்திருக்கிறான். காட்டுக்குள் உடைந்தாலும், சாமான் கையில் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

கம்பெனியே இதை ஒப்புக்கொண்டது என்றுதான் சொல்வேன், வாயால் அல்ல, விற்பனையால். அமெரிக்காவுக்கு ஐ.எஃப்.எஸ் கொடுத்த அதே காலத்தில் ஆஸ்திரேலியா போன்ற சந்தைகளுக்கு ஹைலக்ஸ் என்ற பெயரில் அதே பிக்கப்பைச் சாலிட் ஆக்சிலோடு விற்றுக்கொண்டிருந்தது டொயோட்டா. எல்.என். 106 என்ற அந்த மாடல் 1997 வரை ஓடியது. 1998-ல் லேண்ட் குரூஸர் 100 ஐ.எஃப்.எஸ்ஸுக்கு மாறியபோதும் இதே கதை. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் வாங்குபவர்களுக்காக 105 என்று சாலிட் ஆக்சில் வண்டி தனியாக வந்தது. நண்பர் டார்ச்சும் கையுமாகச் செய்ததைக் கம்பெனி வேறொரு கண்டத்தில் வாரண்டியோடு விற்றிருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தபோதுதான் 'புது வெர்ஷன், பழைய வெர்ஷன்' என்ற என் கணக்கே தப்பு என்று புரிந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடிய இரண்டு கிளைகள். அமெரிக்காவில் ஒரு கிளையை மட்டும் மூடிவிட்டார்கள்.

இனி அந்த கராஜுக்குத் திரும்புவோம். வேலை எப்படி நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.எஃப்.எஸ் கைகள், டார்ஷன் பார், டிஃபரன்ஷியல் எல்லாம் கழன்று வரும். அவை தொங்கிய பிராக்கெட்டுகளை அறுத்துச் சேஸியை வழவழவென்று தேய்க்கவேண்டும். முன்னால் ஸ்பிரிங் தொங்க ஒரு ஹேங்கர், பின்னால் ஆடும் ஷேக்கிள், மேலே ஷாக் அப்சார்பருக்குத் தாங்கி எல்லாவற்றையும் அளந்து வெல்டிங் செய்யவேண்டும். ஆக்சில் வண்டிக்கு நேர்க்கோணத்தில் உட்கார்ந்ததா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்கவேண்டும். டிஃபரன்ஷியல் இருக்கும் பக்கமும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வரும் பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பணம் போயிற்று. 1986-க்குப் பிந்திய வண்டியின் பின் அச்சு அகலமானது. அதனால் பழைய முன் அச்சை அப்படியே மாட்டினால் முன்பக்கம் மூன்று அங்குலம் போலக் குறுகித் தெரியும். அதற்கு ஐ.எஃப்.எஸ்ஸிலிருந்து கழற்றிய ஹப்பையே பழைய ஆக்சிலில் மாட்டி அகலத்தைச் சரிசெய்வார்கள்.

ஸ்டியரிங்கில் ஒரு வேடிக்கை. 1985 வரையிலான பிக்கப்பில் ஸ்டியரிங் கம்பி முன்னும் பின்னுமாகத் தள்ளும். ஸ்பிரிங் நிறைய ஆடும்போது இந்தத் தள்ளலோடு அது சண்டை போடும். 1986-க்குப் பிந்திய ஐ.எஃப்.எஸ் வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸ் பக்கவாட்டில் தள்ளும் வகை. ஆகவே பழைய சாலிட் ஆக்சில் வண்டி வைத்திருப்பவர்கள் புது வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸைத் தேடுகிறார்கள், புது வண்டி வைத்திருப்பவர்கள் பழைய வண்டியின் ஆக்சிலைத் தேடுகிறார்கள். இருவரும் யார்டில் சந்தித்தால் கை குலுக்கிக்கொள்ளலாம்.

இரண்டு மாதத்தில் வண்டி எழுந்து நின்றது. முதல் ஓட்டத்துக்கு நானும் பக்கத்து சீட்டில். உள்ளூர்த் தெருவில் அருமையாகப் போயிற்று. ஃப்ரீவேயில் ஏறி ஐம்பது மைல் வேகத்தில் ஒரு பால இணைப்பைத் தாண்டினோம், தடக் என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி ஸ்டியரிங் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. முன்பக்கமே கழன்றுவிடும் போல உதறல். டேஷ்போர்டில் வைத்திருந்த சாவிக்கொத்து என் மடியில் வந்து விழுந்தது. பின்னால் ஒரு பெரிய லாரி. அவர் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி மெதுவாக வேகத்தைக் குறைத்தார். முப்பதுக்குக் கீழே வந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் அமைதி. ஓரத்தில் நிறுத்தி இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குக் கால் நடுங்கியது. அவர் வீட்டில் இரண்டு குழந்தைகள், எனக்கு ஊரில் கல்யாணமாகி ஒரு வருடம்.

மரண ஆட்டம் என்று பொருள்படும் 'டெத் வாபிள்' என்ற பெயரைத்தான் ஆஃப்ரோடு ஆட்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஓலியைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் உறைத்தது. 1934-ல் மருந்து கொடுத்து அனுப்பிய அதே ஷிம்மி. பழைய வெர்ஷனுக்குத் திரும்பினால் அதன் பழைய பக்கும் கூடவே வரும் என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். வண்டியில் மட்டும் வராமல் இருக்குமா?

காரணத்தைத் தேடினார். ஆக்சில் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க் ஏன் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போக அந்தச் சாய்வு உதவுகிறது. காரிலும் அதே சாய்வு உண்டு, கேஸ்டர் என்று பெயர். நண்பர் முன் ஹேங்கரைத் தாழ இறக்கி வைத்திருந்ததால் ஸ்பிரிங்கின் முன்முனை கீழே போய், ஆக்சிலின் தலை முன்னால் சாய்ந்து, கேஸ்டர் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. ஏன் அப்படி வைத்தார் என்றால், அப்போதுதான் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கி டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும், ஷாஃப்டுக்கு நல்லது. ஆக்சிலைப் பின்னால் சாய்த்தால் கேஸ்டர் சரியாகும், மூக்கு கீழே போகும். முன்னால் சாய்த்தால் மூக்கு சரி, கேஸ்டர் காலி. ஒரே குழாயில் இரண்டும் பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

இரண்டும் வேண்டுமென்றால் இன்னும் ஒருமுறை அறுக்கவேண்டும். அச்சின் முனையில் இருக்கும் பூசணிக்காயின் வெல்டிங்கைச் சுற்றிலும் வெட்டி, அதை மட்டும் சில டிகிரி திருப்பி, மறுபடி பற்றவைப்பது. அதையும் செய்தார். நக்கிள் பேரிங்குகளும் தேய்ந்திருந்தன, அவற்றை மாற்றி இறுக்கத்தைச் சரிபார்த்தார். ஸ்டியரிங் டேம்ப்பர் ஒன்று மாட்டினால் போதும் என்று சிலர் அவரிடம் சொன்னார்கள். டேம்ப்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. எர்ரர் மெசேஜை மட்டும் அமுக்கி வைக்கிற புரோகிராமர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த கோடையில் அவர் ரூபிகான் போய்வந்து படங்கள் அனுப்பினார். நான் அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன்.

இதையெல்லாம் வைத்து ஐ.எஃப்.எஸ் மோசம் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தப்பு. பாஹா பாலைவனப் பந்தயங்களில் நூறு மைல் வேகத்தில் மேடுபள்ளம் தாண்டும் வண்டிகளின் முன்பக்கம் தனித்தனிதான். அந்த வேகத்தில் கனமான அச்சு ஒன்று மேலும் கீழும் குதித்தால் டயர் தரையிலேயே இருக்காது. கலிஃபோர்னியாவில் ஜான்சன் வேலி என்ற இடத்தில் 2007 முதல் 'கிங் ஆஃப் த ஹேமர்ஸ்' பந்தயம் நடக்கிறது. ஒரே நாளில் பாலைவனமும் உண்டு, கல் குவியலும் உண்டு. அதில் இரண்டு வகை வண்டிகளும் ஜெயித்திருக்கின்றன. மறுபக்கம், தொழிற்சாலையே பின்வாங்கிய கதையும் இருக்கிறது. 1980-லிருந்து இரண்டாக வெட்டிய அச்சோடு வந்த ஃபோர்டின் எஃப்-250, 1999-ல் சூப்பர் டியூட்டியாக மறுபிறவி எடுத்தபோது மீண்டும் ஒரே அச்சுக்கு வந்தது. பாரம் இழுக்கிற வண்டிக்கு அதுதான் தாங்கும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

நம்மூரிலும் இது எதிரொலித்தது. 2010-ல் மஹிந்திரா தார் வந்தபோது சி.ஆர்.டி.இ மாடலுக்கு முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த ஐ.எஃப்.எஸ். அதே தார் பெயரில் வந்த டி.ஐ மாடலுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் சாலிட் ஆக்சிலும். டொயோட்டாவின் இரண்டு கிளைக் கதை இங்கே ஒரே ஷோரூமில் நடந்தது. சி.ஆர்.டி.இ வாங்கியவர்களில் சிலருக்கு டி.ஐ-யின் ஆக்சில் மேல் கண். 2020-ல் வந்த புதிய தாரும் முன்பக்கம் தனித்தனிதான். ஜிப்ஸியும் அதற்குப் பின் 2023-ல் இங்கே வந்த ஜிம்னியும் ஒரே அச்சை விடவில்லை.

போன மாதம் கோயம்புத்தூரில் சித்தப்பா மகன் வந்தான். பழைய சி.ஆர்.டி.இ தார் வைத்திருக்கிறான். "அண்ணா, முன்னாடி சாலிட் ஆக்சில் போட்டர்லாமுங்களா? பட்டறையில ரெண்டே வாரத்துல முடிச்சுக் குடுக்கறேங்கறாங்க" என்றான். எங்கே ஓட்டுகிறாய் என்று கேட்டேன். தினமும் பொள்ளாச்சி ரோட்டில் ஆபீஸ், வருஷத்துக்கு ரெண்டு தடவை நண்பரின் எஸ்டேட்டில் ஆஃப்ரோடு. ஒரு பேப்பரில் பம்பரமும் அச்சும் வரைந்து காட்டினேன். சட்டத்தையும் சொன்னேன்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் கம்பெனி தந்த மூல விவரத்திலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது வண்டியின் அடியைத்தான். "ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு வேண்டாம்டா. நல்ல டயர் போடு, அது போதும்" என்றேன்.

தலையாட்டினான். அவன் தலையாட்டலை நான் நம்பவில்லை, நான் அவனாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நாலு நாள் கழித்து உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து போட்டோ அனுப்பினான்: துருப்பிடித்த குழாய், இரண்டு முனையிலும் பூசணிக்காய். ரோட்டில் ஓட்டாத எஸ்டேட் வண்டி ஒன்றை நண்பனும் அவனும் சேர்ந்து வாங்கி, அதில் மாட்டப் போகிறார்களாம். கேஸ்டர் எவ்வளவு டிகிரி வைக்கப்போகிறாய் என்று பதில் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய், நக்கிளை ஆட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.